எங்கள் வீட்டுப் பொன்னாடைகள்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டு முழுக்கப் பொன்னாடைகள்தான். என் மனைவி ஒரு சாமானையும் வீண்போக விடாதவள். தையல் மெசினை மூட ஒன்று, தொலைக்காட்சியை மூட ஒன்று, குசினியில் கிரைண்டரை மூட ஒன்று என்று எடுத்துப் போட்டிருக்கிறாள். மாரி காலத்தில் என் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கும் ஒன்று கிடைக்கும். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையால் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன, சைக்கிளுக்கும் பாராட்டு விழாவோ?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

"அடுத்த முறை கூப்பிட்டா, உந்தச் சரிகைத் துணி வேண்டாம், நல்ல துவாய் ஒண்டு தாங்கோ எண்டு சொல்லுங்கோ. துடைக்கவாவது உதவும்" என்பாள் மனைவி.

அவளுக்கு அது பகிடி. எனக்கு அப்படி இல்லை. பொன்னாடையைக் கண்டாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருவனை அனுப்பிவிடத் தீர்மானித்த பிறகுதான் அவன் தோளில் அதைப் போடுகிறார்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிற விஷயத்தைத் துணியால் மூடுகிறார்கள். எல்லா விழாவும் அப்படியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கண்ட விழாக்கள் அப்படித்தான்.

நான் உதைபந்தாட்டம் ஆடிச் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டவன். திருகோணமலைக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு தொடங்கி, கொழும்பில் ஒரு கொம்பனி அணிக்குப் போய், பிறகு மாலைதீவில் ஒப்பந்தத்துக்கு ஆடி, திரும்பவும் அதே கொழும்பு அணிக்கு வந்தேன். இடது பக்கத்துப் பின்வரிசை ஆட்டக்காரன். எதிரணிக்காரன் ஓடிவந்தால் மறிப்பதும், பந்தை ஆபத்தில்லாத பக்கம் அடித்துவிடுவதுமே என் தொழில். அந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்தேன். மழையிலும் வெயிலிலும், காய்ச்சலிலும்கூடச் செய்தேன். அதை ஒரு சனமும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒரேயொரு கோலை. கொழும்பில் ஓர் இறுதிப் போட்டி. எங்கள் பக்கம் முற்றுகையாக இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தேன். காற்று அதை எடுத்துக்கொண்டு போய், முன்னுக்கு வந்து நின்ற கோல்காப்பாளரின் தலைக்கு மேலால் உள்ளே போட்டது. நான் கோலைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொடியன்மார் ஓடிவந்து என் மேல் விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அந்தக் காற்றை இன்றைக்கு வரைக்கும் நான் சுமக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கோல், செத்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கோல். "அது தற்செயலா விழுந்தது" என்று உண்மையைச் சொன்னால், "ஆ, பாருங்கோ, என்ன அடக்கம்!" என்கிறார்கள். விசர்ச் சனம்.

முழங்கால் போனதும் கொழும்பில்தான். ஒரு நாள் போட்டி தொடங்குமுன் மைதானத்து நடுவில் கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். மாலை, பொன்னாடை, கேடயம் எல்லாம் வந்தது. கொம்பனியின் பெரியவர் ஒலிவாங்கியில், "இவரை எங்களால் மறக்கவே முடியாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனேன். சப்பாத்து வைக்கிற என் பெட்டியில் வேறொரு பையனின் சப்பாத்து இருந்தது. பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குத்தான் அன்றைக்கு விழா வைத்தோமே" என்றார். அதுதான் எனக்குத் தந்த அறிவித்தல். எனக்கு விளங்கவில்லை என்பதில் அவருக்கு என்னோடு கோபம்கூட.

ஊருக்கு வந்தேன். ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சமூகக் கல்லூரி இருக்கிறது. பரீட்சையில் விழுந்த பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளும் தொழில் படிக்கிற இடம். கொழும்பில் இருக்கிற ஒரு நிர்வாக சபைதான் அதை நடத்துகிறது. என்னை விளையாட்டுப் பொறுப்பாளராக எடுத்தார்கள். முன்னிருந்த பணிப்பாளர் வெளிநாடு போனபோது அந்தக் கதிரைக்கு வர ஒருவரும் விரும்பவில்லை. கூரை ஒழுகியது, பிள்ளைகள் வருவது குறைந்திருந்தது, அறிவித்தல் பலகையில் ஒட்டுகிற தாளை டவுனில் திரிகிற மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். "அவர் பேர் தெரிஞ்ச ஆள்தானே, அவரையே போடுங்கோ" என்று என்னைப் போட்டார்கள்.

பேரை வைத்துப் போட்டார்கள், சரி. ஆனால் நான் அங்கே பேரை வைத்துக் காலம் தள்ளவில்லை. எனக்குப் படிப்பு குறைவு. ஆள் பார்க்கத் தெரியும். கிளப்பில் ஆட்டக்காரனை எடுக்கிறபோது சான்றிதழ் கேட்க மாட்டார்கள், இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். வருகிற பிள்ளையைக் கொஞ்ச நாள் எல்லாப் பட்டறையிலும் விட்டுப் பார்ப்பேன். எங்கே நேரம் போவது தெரியாமல் நிற்கிறதோ, அங்கே சேர்ப்பேன்.

அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பாதிப்பேருக்கு வீட்டில் படகு இருக்கிறது. படகின் பின்னால் பூட்டுகிற எஞ்சின் கெட்டால் அதைத் திருத்த ஆளில்லை, தகப்பன்மார் நாள்கணக்கில் கரையில் குந்தியிருக்கிறார்கள். இங்கே தையல் இருக்கிறது, மின்சார வேலை இருக்கிறது, கணினி இருக்கிறது, எஞ்சின் இல்லை. கடலோரத்தில் ஒரு கல்லூரி, அதில் எஞ்சின் இல்லை! கல்லூரியின் பின்பக்கம் தண்ணீர்க்கரையில் கிடந்த பழைய தகரக் கொட்டிலைத் துப்புரவாக்கி எஞ்சின் பட்டறை தொடங்கினேன். நான் கண்ணைத் திறந்துகொண்டு அடித்த ஒரே கோல் அதுதான்.

அதற்கு மாஸ்டராக வந்தவர் கிண்ணியாக்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். பெரிய சத்தம், பெரிய வயிறு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனால் பின்னேரம்தான் ஆள் திரும்பி வரும். வரவுப் பதிவைக் கேட்டால் நாளைக்கு என்பார். அவரோடு நான் பிடிக்காத சண்டை இல்லை. ஆனால் பிள்ளைகள் அவரை விட்டு அசைய மாட்டார்கள்.

அவர் பட்டறைக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். மீன்பிடிகாரர் கொண்டுவந்து தருகிற எஞ்சினை எந்தப் பிள்ளை திருத்துகிறதோ, அந்தப் பிள்ளைதான் அதைப் படகில் பூட்டி, சொந்தக்காரரோடு கடலுக்குப் போய்வர வேண்டும். துறைமுக வாய் தாண்டி, அலை அடிக்கிற இடம் வரைக்கும். எஞ்சின் நின்றால் நின்ற இடத்தில் திருத்த வேண்டும், ஏலாவிட்டால் துடுப்புப் போட்டு வர வேண்டும். நானாவும் கூட ஏறுவார்.

"திருத்தினவன் ஏறலண்டா சொந்தக்காரன் எப்பிடி நம்பி ஏறுவான்?" என்பார்.

இதைவிடப் பெரிய பரீட்சையை நான் எந்தக் கல்லூரியிலும் காணவில்லை. பிள்ளைகள் நனைந்து, உப்புப் படிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். மறிக்கிற வேலையே செய்து வளர்ந்த எனக்கு, ஒன்று ஓடுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஊரிலேயே என் கோல் கதையை நம்பிய ஒரே மனிதர் நானாதான். ஒரு நாள் கொட்டிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி மெசினையும் டீவியையும் பொன்னாடையால் மூடுகிற கதையோடு, காற்றடித்த கதையையும் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்படியெண்டா சேர், பொன்னாடைய அந்தக் காத்துக்கெல்லோ போட்டிரிக்கணும்?"

அந்தச் சிரிப்பில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கொழும்பில் கதிரை போட்டு இருத்திய கதையையும், பெட்டியில் வேறொருவனின் சப்பாத்து இருந்த கதையையும் அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னேன். மனைவிக்குக்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை. நானாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சேர், எனக்கு மட்டும் அந்தத் துணியப் போட்டிராதீங்க. என்னை அனுப்பிற நாள் வந்தா வாயால சொல்லுங்க. நானா, நாளைக்கு வராதீங்க எண்டு. எழும்பிப் போயிருவன். கோவிக்க மாட்டன்."

"சத்தியமா வாயாலதான் சொல்லுவன்" என்றேன். அப்போது அது பகிடிபோலத்தான் இருந்தது.

நிர்வாக சபையின் தலைவர் போன வருஷம் கொழும்பிலிருந்து வந்தார். திருகோணமலையில் பிறந்து கொழும்பில் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். கெட்டவனென்றால் முகத்துக்கு நேரே சண்டை பிடிக்கலாம். இவர் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார்.

"தம்பி, அண்டைக்கு நான் ஸ்டேடியத்தில இருந்தனான். நீங்கள் அந்தப் பந்தை அடிக்கேக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

நான் சிரித்து வைத்தேன். அவர் என் தோளில் கையைப் போட்டபடி கல்லூரியைச் சுற்றி நடந்தார். கொட்டில் வாசலில் வந்து நின்றார். உள்ளே பிள்ளைகள் ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு அகலத்தைப் பார்த்தார்.

"இந்த இடம்தான் சரி. இதில உள்ளரங்கு விளையாட்டு மண்டபம் ஒண்டு கட்டப்போறம். உங்கட பேரில. பணம் தாற ஆக்களோட கதைச்சாச்சு. உங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனாங்கள், சந்தோஷப்படுவியள் எண்டு."

என் பேரில்! உயிரோடு இருக்கிறவனின் பேரைச் சுவரில் எழுதி, அவன் உருவாக்கிய ஒரே காரியத்தை அந்தச் சுவருக்குக் கீழே போட்டுப் புதைக்கப் போகிறார்கள். தோள் கனத்தது. அங்கே துணி ஒன்றும் இல்லை, அவருடைய கைதான் இருந்தது.

"சேர், அப்ப எஞ்சின் பட்டறை?" என்று கேட்டேன்.

"அது பிறகு வேற இடம் பாப்பம். உண்மையைச் சொன்னால் தம்பி, உந்த எண்ணெய்ப் படிப்புக்கு ஒருத்தரும் உதவி தர வாறதில்லை. படத்துக்கும் வடிவில்லை. விளையாட்டெண்டால் ஓடி வருவினம். இனி ஹோட்டல் படிப்பு, உடற்பயிற்சிப் படிப்பு, இதுகள்தான் எடுபடும். பெரிய விளையாட்டு வீரர் தலைமை தாங்கிற கல்லூரியில ஒரு மண்டபம் இல்லையெண்டால் எங்களுக்கெல்லோ வெட்கம்?"

சண்டை பிடிக்கவில்லை என்று ஒருவரும் என்னைச் சொல்ல வேண்டாம். பிடித்தேன். கொழும்புக் கூட்டத்துக்கு என் செலவில் பஸ் ஏறிப் போய்ப் பிடித்தேன். திருத்தினவன் படகில் ஏறுகிற வழக்கத்தைச் சொன்னேன். சபையில் ஒருவர், "ஆ, கடலில் விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்கு விளங்கியது. மற்றவர்கள் மண்டபத்தின் வரைபடத்தைச் சுற்றவிட்டார்கள். அதில் என் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. என் எதிரில் என் பேரே என்னை மறித்துக்கொண்டு நின்றது.

கடைசியாக எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சல்லிப் பக்கத்து மீனவர் சங்கத் தலைவர். அவருடைய மகன் எங்கள் பட்டறையில் படித்தவன், இப்போது கரையில் எஞ்சின் திருத்தியே குடும்பம் நடத்துகிறான். அவரிடம் போய்ச் சொன்னேன், சபைத் தலைவர் அடுத்த மாதம் வருகிறார், ஊர்ச்சனமாக வந்து பட்டறை வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. அவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அதை மூடவோ? விட்டிருவமே? தம்பி, நீங்க ஒண்டுக்கும் யோசியாதேங்க. நாங்க பாத்துக்கொள்ளுறம். கிண்ணியா ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறம்."

வந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், திரளாக வந்தார்கள். சல்லியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்துத் தலை இழுத்துக்கொண்டு வந்து, கல்லூரியின் கூட்ட அறை நிறைய இருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானா பின்வரிசையில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

சங்கத் தலைவர் எழும்பினார். கையில் ஒரு பை. பைக்குள்ளிருந்து பொன்னாடை வந்தது.

பெரிய மனிதர் ஊருக்கு வந்தால் வெறுங்கையோடு கேட்கலாமா? முதலில் கௌரவிக்க வேண்டாமா? எங்கள் சனத்துக்கு அதுதானே தெரியும். சபைத் தலைவருக்கு ஒன்று போர்த்தினார்கள். கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்று போர்த்தினார்கள். தலைவருக்குப் போட்டால் பணிப்பாளரை விடலாமா என்று எனக்கும் போட்டார்கள். பிறகு சங்கத் தலைவர் பேசத் தொடங்கினார். கடற்கரை மணலில் நான் வெறுங்காலோடு ஆடியதில் தொடங்கினார். மாலைதீவுக்குப் போனார். அங்கிருந்து அந்தக் கோலுக்கு வந்தார். கோல் விழுந்தபோது சனம் கைதட்டியது. இப்படிப்பட்ட மண்ணின் மைந்தனுக்கு மண்டபம் அமைக்கிற தலைவருக்கு ஊர்மக்கள் என்றென்றும் நன்றியுடையவர்கள் என்று முடித்தார். முடித்துவிட்டு இருந்துவிட்டார்!

பட்டறை என்ற சொல்லே வரவில்லை. எஞ்சின் என்ற சொல்லே வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் எனக்குத் திருப்தியாகத் தலையாட்டினார்.

கூட்டம் முடிய அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஐயா, பட்டறைக் கதை?"

"என்ன தம்பி நீங்க! மாலை போட்ட கையோட, அது வேணும் இது வேணும் எண்டு கேக்க ஏலுமே? அந்த மனிசன் என்ன நினைக்கும்? இண்டைக்கு நல்லெண்ணம் வந்திற்றுது. இனி ஆறுதலாக் கேப்பம்."

சபைத் தலைவரோ வாகனத்தில் ஏறும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களே தம்பி, ஊர் முழுக்க எவ்வளவு சந்தோஷம்! நீங்கள்தான் வீணா யோசிச்சுக்கொண்டிருந்தனீங்கள்." அன்றைக்கே பட்டறையின் கதை முடிந்துவிட்டது. முடித்தவர்கள் எதிரிகள் இல்லை, எங்கள் ஆட்கள்தான், நல்ல மனதோடு, என் மேல் உள்ள பாசத்தில்.

கொட்டிலைப் பிரித்தார்கள். எஞ்சின்களைப் பின்வளவில் அடுக்கி, தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடினோம். நானா எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, பிள்ளைகளைக்கொண்டு அடுக்கினார். தலைவர் சொன்ன வேறு இடம் வரும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். "எங்கட கிண்ணியாப் பக்கம் பாத்தா வசதியாயிரிக்கும் சேர், பாலத்தடியில நல்ல இடம் கிடக்கு" என்று எனக்கே யோசனை சொல்வார். நானும் ஓம் என்பேன். வேறென்ன சொல்ல?

மண்டபத் திறப்பு விழாவுக்கு முன் கொழும்பிலிருந்து தலைவர் தொலைபேசி எடுத்தார். எஞ்சின் படிப்பை முற்றாக நிறுத்துவதென்று சபை முடிவெடுத்துவிட்டதாம். மாஸ்டரின் வேலை அந்த மாதத்தோடு சரியாம்.

"ஆனால் தம்பி, மனிசன் இவ்வளவு காலம் உழைச்சவர். சும்மா அனுப்பப்படாது. விழாவில அவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, நீங்கள் உங்கட கையாலேயே பொன்னாடை போர்த்துங்கோ. விஷயத்தைப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம். விழாவைக் குழப்பக் கூடாது, என்ன?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. "உங்களுக்குப் பைத்தியமா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலையை விட்டெறிந்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம் அதைத்தான் சொன்னேன். "விட்டுப்போட்டு வாங்கோ, நான் தைச்சுச் சமாளிப்பன். ஆனா அந்தக் கதிரையில பிறகு ஆர் வந்து இருப்பினம் எண்டதையும் யோசியுங்கோ" என்றாள். மிச்சப் பட்டறைகளாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கிறவனைக்கொண்டுதான் இந்த மாதிரி வேலைகளைச் செய்விக்கிறார்கள்.

ஆனால் நானாவுக்கு வாயால் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த ஒன்றையாவது செய்வேன் என்று விழாவுக்கு முதல்நாள் காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நானா, பட்டறை இனி இல்லை. நானா, நாளைக்கு மேடைக்கு வராதீங்க.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி எங்கள் கல்லூரிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைக் கழுவிக் காயப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சேர், வாங்க, இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கொழும்பிலிருந்து நானாவுக்கும் அழைப்பு வந்துவிட்டதாம். மகள் மூதூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து நிற்கிறாள். மருமகன் படம் எடுக்கப் போகிறான். வீடெல்லாம் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலப்ப மணம்.

"அவருக்கு ஒரு நாளும் ஒருத்தரும் மேடையில ஏத்தி ஒண்டும் செஞ்சதில்ல சேர். எல்லாம் உங்களாலதான்" என்றார் அந்தப் பெண்.

நானா உள்ளேயிருந்து வந்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன சேர், இவ்வளவு தூரம்? ஏதும் விசேஷமா?"

பேரப்பிள்ளை ஒன்று அவர் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அவருடைய மனைவி வட்டிலப்பத் தட்டோடு வந்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"ஒண்டுமில்லை நானா. நாளைக்கு நேரத்துக்கு வாங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்றேன்.

வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டு வந்தேன். ஆட்டக்காரனாக இருந்த காலத்தில் என்னைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. அன்றைக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் என்னை விழுத்திவிட்டது.

விழா மண்டபத்துக்குள்தான் நடந்தது. பட்டறை இருந்த இடத்தில் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். புதுப் பூச்சின் மணத்தில் எண்ணெய் மணம் போய்விட்டது. சுவரில் என் பேர், அதற்குப் பக்கத்தில் நான் பந்தை உதைக்கிற மாதிரி ஒரு படம். நான் இடதுகால் ஆட்டக்காரன் என்றுகூடத் தெரியாமல் வலதுகாலால் உதைக்க வைத்திருந்தார்கள்.

நானாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையில், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு படியேறி வந்தார். கீழே அவருடைய பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். மருமகன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். எங்கள் தையல் வகுப்புப் பிள்ளை ஒன்று தாம்பாளத்தை என்னிடம் நீட்டியது. மஞ்சள் துணி, சிவப்புக் கரை, சரிகை.

எடுத்தேன். விரித்தேன். அவர் தோளில் போட்டேன். போடும்போது அவருடைய முகம் என் காதருகில் இருந்தது. அவர் சிரித்தபடியேதான் நின்றார், படத்துக்காக.

"வாயால சொல்லியிரிக்கலாம், சேர்" என்றார்.

கைதட்டல் நின்றபாடில்லை. அறிவிப்பாளர், அடுத்ததாக எமது பணிப்பாளர் அந்த வரலாற்றுக் கோலை எமக்காக மீண்டும் ஒரு முறை போட்டுக் காட்டுவார் என்றார். பந்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கோலில் காப்பாளரும் இல்லை, உள்ளே காற்றும் இல்லை. அடித்தேன். போனது. எழும்பி நின்று தட்டினார்கள். முழங்கால் உயிர்போக நொந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தேன். நானாவின் குடும்பம் வாடகை வேனில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தன் மோட்டார் சைக்கிளடியில் தனியாக நின்று, பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தார். பின்வளவில் படங்கு மூடிய எஞ்சின்கள் அவருக்கு நேரே தெரிந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நானா, நான் நேற்று சொல்லத்தான் வந்தனான்" என்றேன்.

"விளங்கிச்சு சேர். உங்கட மூஞ்சியக் கண்டோடனே விளங்கிச்சு. நீங்க சொல்லுவீங்க எண்டு வாசல் வரைக்கும் கூட வந்தன்."

மடித்த துணியை என் கையில் வைத்தார்.

"உங்கட வீட்டில கொண்டு போய்க் குடுங்க. மெசின மூட, டீவிய மூட உதவும். எனக்கிட்ட மூடி வைக்க எஞ்சின் ஒண்டும் இல்ல."